ரசோனில் போடும் மிளகுக்கு விலை வைப்பது யார்?

ரசோன் என்று நாம் சொல்லும் ரசத்துக்காக, மொரீஷியஸின் போர்ட் லூயி சந்தையில் அரை லிவ் (ஒரு லிவ் ஏறத்தாழ அரை கிலோ) மிளகு கேட்பவருக்கு இப்போது இரண்டு குழப்பங்கள். 2020இல் வாங்கிய விலைக்கும் இன்றைய விலைக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்பது முதலாவது. வியட்நாமில் விலை இறங்கிவிட்டது என்று செய்தி வந்த பிறகும் நம் கடைப் பலகையில் எண் மாறாதது ஏன் என்பது இரண்டாவது. கடைக்காரர் கப்பல் வாடகையைக் காட்டுவார், வாங்குபவர் கடைக்காரரின் லாபத்தைக் காட்டுவார். உண்மையில் இரண்டுக்கும் சிறிய பங்குதான். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வியட்நாம் விவசாயி தன் நிலத்தில் எதை நட்டார், எதைப் பிடுங்கினார் என்பதும், டாலருக்கு எதிரே நம் மொரீஷியஸ் ரூபாய் எங்கே நிற்கிறது என்பதும்தான் பெரும்பங்கு.

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்வோம்

கருமிளகும் வெண்மிளகும் பச்சை மிளகும் ஒரே கொடியில் காய்ப்பவை. வேறுபாடு பறிக்கும் பருவத்திலும் பதப்படுத்தும் முறையிலும் இருக்கிறது.

1. கருமிளகு: முற்றிய, ஆனால் பழுக்காத காயைக் கதிரோடு பறித்து, உதிர்த்து, வெயிலில் காயவைப்பது. 100 கிலோ பச்சைக் காய்க்குச் சுமார் 33 கிலோ கருமிளகு தேறும்.
2. வெண்மிளகு: பழுக்கத் தொடங்கியதைப் பறித்து, ஏழு முதல் பத்து நாள் நீரில் ஊறவைத்து, தோலை உரித்துக் காயவைப்பது. 100 கிலோவுக்கு 25 கிலோ அளவில்தான் கிடைக்கும். எடை இழப்பும் கூலியும் சேர்வதால் விலை எப்போதும் கருமிளகுக்கு மேலே நிற்கும்.
3. பச்சை மிளகு: உப்புநீரிலோ உறையவைத்தோ விற்பது. அளவில் சிறியது, உலக விலையை அது அசைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. நம் தீவில் காடுமேடெல்லாம் பரவிக் கிடக்கும் 'புவாவ்ர் மாரோன்' மிளகே அல்ல. அது பிரேசிலிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். அதன் சிவந்த காய்தான் ரெயூனியனிலும் மடகாஸ்கரிலும் 'பே ரோஸ்' (இளஞ்சிவப்பு மிளகு) என்ற பெயரில் விற்கப்படுகிறது. மிளகு விலைச் செய்திகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பெயரிலேயே மிளகைச் சுமந்த பியேர் புவாவ்ர் 1767 முதல் 1772 வரை இந்தத் தீவின் நிர்வாகியாக இருந்தவர். பாம்ப்ளமூஸ் தோட்டத்துக்கு அவர் கொண்டுவந்து புகழ்பெற்றவை சாதிக்காயும் கிராம்பும். மிளகு இங்கே ஏற்றுமதிப் பயிராக வேரூன்றவில்லை. பின்னால் கரும்பு நிலத்தை எடுத்துக்கொண்டது. ஆகவே இன்றும் நாம் வாங்குபவர்கள் மட்டுமே. விலையை ஏற்கலாம், வைக்க முடியாது.

விளைவது எங்கே, எப்போது

உலக விளைச்சல் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன்னைச் சுற்றி நிற்கிறது. கோதுமையோடும் அரிசியோடும் ஒப்பிட்டால் இது கையளவு. சந்தை சிறியது என்பதால், ஒரு நாட்டில் ஒரு பருவம் கெட்டாலே எல்லாருக்கும் உறைக்கும்.

வியட்நாம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏற்றுமதியில் முதலிடம் பிடித்தது. நடு மேட்டுநிலமான டாக் லாக், டாக் நோங், ஜியா லாய் பகுதிகளிலும் தென்கிழக்கு மாநிலங்களிலும் பயிராகிறது. அறுவடை பிப்ரவரியில் சூடுபிடித்து ஏப்ரல் வரை நீளும். அடுத்த இடம் பிரேசிலுக்கு. எஸ்பிரிட்டோ சாண்டோ, பாரா என்ற இரு மாநிலங்கள்தான் அங்கே பெரிய களம். இந்தோனேசியாவில் லாம்புங் கருமிளகுக்கும் பாங்கா தீவு வெண்மிளகுக்கும் பெயர் பெற்றவை. லாம்புங் அறுவடை ஆண்டின் நடுவில், ஜூலையை ஒட்டி வரும். இந்தியாவில் கேரளமும் கர்நாடகத்தின் குடகும் டிசம்பர் முதல் மார்ச் வரை பறிக்கும். ஆனால் இந்திய மிளகில் பெரும்பகுதி இந்தியர் வாயிலேயே தீர்ந்துவிடுகிறது. இலங்கை, மலேசியாவின் சரவாக், கம்போடியா, மடகாஸ்கர் ஆகியவை அளவில் சிறியவை.

இந்த நாட்காட்டியை நம் நாட்காட்டியோடு பொருத்திப் பாருங்கள். தைப்பூசக் காவடிக்கு, கோயில் கோயிலாக ஏழு கறியும் ரசோனும் வைக்கும் நாளில், வியட்நாமின் புதுச் சரக்கு இன்னும் கொடியில் இருக்கும். சந்திரப் புத்தாண்டான டெட் விடுமுறையும் ஜனவரி, பிப்ரவரியில்தான் வருகிறது. அப்போது அங்கே வாங்கல் விற்றல் ஏறத்தாழ நின்றுபோகும். ஆகவே காவடிக்குக் கொதிக்கும் மிளகு முந்தைய ஆண்டு அறுவடை, அதற்கு நாம் தரும் விலையும் முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் பேசி முடித்த விலை. கோயில் சமையலுக்கு மொத்தமாக வாங்குபவர்கள் டிசம்பரில் விலை கேட்டால், ஆண்டிலேயே இருப்பு மெலிந்த நேரத்தில் கேட்கிறார்கள்.

விலைப்பட்டியலை வாசிக்கும் முறை

'வியட்நாம் கருமிளகு 500 கி/லி, டன் 6,500 டாலர், எஃப்.ஓ.பி.' என்று ஒரு வரி வந்தால் அதில் மூன்று செய்திகள் இருக்கின்றன.

1. 500 கி/லி: ஒரு லிட்டர் கொள்ளளவுப் பாத்திரத்தில் நிரப்பினால் எத்தனை கிராம் நிற்கும் என்பது. மணி திரண்டிருந்தால் எடை கூடும், உள்ளீடில்லாத பொக்கு மிளகு அதிகமானால் குறையும். 500, 550 ஆகியவை வழக்கமான தரங்கள். 570 என்பது அமெரிக்க மசாலா வணிகச் சங்கமான அஸ்டாவின் தூய்மை அளவோடு வருவது. தரத்துக்குத் தரம் டன்னுக்கு நூற்றுக்கணக்கான டாலர் வேறுபடும். நீராவியில் கிருமி நீக்கிய சரக்குக்கு அதற்கும் மேலே கூலி.
2. எஃப்.ஓ.பி.: ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றியது வரைக்குமான விலை. கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்த்து நம் துறைமுகம் வந்துசேரும் விலை சி.ஐ.எஃப். இரண்டையும் குழப்பிக்கொண்டு "அங்கே இவ்வளவுதானாமே" என்று கடைக்காரரிடம் வாதாடுவது வீண்.
3. டாலர்: பேச்சுவார்த்தை எந்த நாட்டில் நடந்தாலும் கணக்கு டாலரில்தான்.

எழுதாமலே விடப்படும் நான்காவது ஒன்று ஈரம். 12 முதல் 13 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் கண்டெய்னருக்குள் வியர்த்து, பூஞ்சை பிடித்து, கரையிறங்கும்போது வெள்ளை படிந்திருக்கும். மலிவாகத் தெரியும் சரக்கு பல நேரம் இந்த ஈரத்தின் எடைக்குப் பணம் வாங்குகிற சரக்கு.

காப்பிக்கு லண்டன், நியூயார்க் சந்தைகளில் இருப்பதுபோல வரப்போகும் மாதத்துச் சரக்குக்கு இன்றே விலை பேசும், உலகமே பார்க்கும் எதிர்கால வணிகம் மிளகுக்கு இல்லை. கொச்சியில் 1957 முதல் அப்படி ஒரு சந்தை இருந்தது. பின்னால் அது இந்தியாவின் தேசிய மின்னணுச் சந்தைக்கு நகர்ந்தது. கிடங்குச் சரக்கில் மினரல் எண்ணெய் பூசியிருந்ததாகக் கண்டுபிடித்து ஆயிரக்கணக்கான டன்னை அதிகாரிகள் முத்திரை வைத்ததும், 2013இல் அந்த வணிகம் படுத்துவிட்டது. 1972இல் தொடங்கி ஜகார்த்தாவில் இயங்கும் பன்னாட்டு மிளகுச் சமூகம் நாள்தோறும் நாட்டுவாரி விலை வெளியிடுகிறது. ஆனால் அது அறிவிப்பு, பேரம் அல்ல. விவசாயி வீட்டில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாத சந்தையில் வதந்திக்கும் விலை உண்டு.

பத்தாண்டு ஏற்ற இறக்கம்

வியட்நாம் மொத்த ஏற்றுமதி வருவாயை ஏற்றிய டன்னால் வகுத்தால் கிடைக்கும் சராசரியைக் கீழே தருகிறேன். கருமிளகு, வெண்மிளகு, தூள் எல்லாம் கலந்த சராசரி இது. ஒரு தரத்தின் விலையாகக் கொள்ளாமல் போக்கை மட்டும் பாருங்கள். எண்களைச் சற்று உருட்டியிருக்கிறேன்.

- 2015: டன் 9,500 டாலர்
- 2016: 8,000
- 2017: 5,200
- 2018: 3,250
- 2019: 2,500
- 2020: 2,300
- 2021: 3,600
- 2022: 4,250
- 2023: 3,400
- 2024: 5,250

2016இல் 1.77 லட்சம் டன் விற்று 143 கோடி டாலர் ஈட்டிய நாடு, 2020இல் 2.85 லட்சம் டன் விற்று 66 கோடி டாலர்தான் ஈட்டியது. சரக்கு அறுபது விழுக்காடு கூடியது, வருமானம் பாதிக்கும் கீழே போனது. விளைச்சல் பெருகியதே விவசாயியைக் கவிழ்த்த கதை இது. 2024இல் அதே படம் தலைகீழாகத் திரும்பியது. 2023ஐவிட அளவு ஐந்து விழுக்காடு குறைந்து 2.5 லட்சம் டன்னாக நின்றபோதும், வருவாய் 91 கோடியிலிருந்து 131 கோடி டாலருக்கு ஏறியது. 2025இல் அது 160 கோடியைத் தாண்டியது.

இந்த ஏற்ற இறக்கத்தின் விசை கொடியிலேயே இருக்கிறது. நட்ட மூன்றாம் ஆண்டில்தான் முதல் காய்ப்பு வரும். முழுப் பலனுக்கு இன்னும் சில ஆண்டு ஆகும். 2011 முதல் 2015 வரை விலை ஏறிக்கொண்டே போனபோது வியட்நாமில் கடன் வாங்கிக்கூட நட்டார்கள். அரசு பரிந்துரைத்த ஐம்பதாயிரம் எக்டேரைத் தாண்டி, 2017இல் பரப்பு ஒன்றரை லட்சம் எக்டேரைத் தொட்டது. அந்தக் கொடிகளெல்லாம் ஒன்றாகக் காய்த்த நேரம்தான் 2018 முதல் 2020 வரை. காய்க்கிற கொடியை விலை விழுந்ததற்காக யாரும் உடனே பிடுங்குவதில்லை. அதனால் சரிவும் நீண்டது.

பிறகு கவனிப்பு குறைந்தது. உரம் போடவில்லை, வடிகால் வெட்டவில்லை. மிளகுக் கொடிக்கு நீர் தேங்கினால் எமன். ஃபைட்டோப்தோரா என்ற மண்வாழ் நோய்க்கிருமி அடித்தண்டைப் பிடித்தால் இரண்டு மூன்று வாரத்தில் கொடி கருகிச் சரியும். வியட்நாம் விவசாயி இதை 'விரைந்த சாவு' என்கிறார். நூற்புழுவும் ஃபியூசேரியம் பூஞ்சையும் வேரைத் தின்று ஆண்டுக்கணக்கில் மஞ்சளித்துப் போவதை 'மெல்லச் சாவு' என்கிறார். செத்த கொடி இருந்த இடத்தில், 2020இன் விலைக்கு, மறுபடி மிளகு நட யாருக்கும் மனம் வரவில்லை. 2022இல் சீனா தன் சந்தையை வியட்நாம் டுரியன் பழத்துக்கு முறைப்படி திறந்தது. ரொபஸ்டா காப்பியின் விலையும் 2024இல் வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. மிளகு இருந்த நிலம் அவற்றுக்குப் போயிற்று. 2024க்குள் பரப்பு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் எக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இன்று நாம் தரும் விலை, ஆக, 2018இல் கைவிடப்பட்ட தோட்டத்தின் விலை. செங்கடல் கப்பல் நெருக்கடியோ அமெரிக்கச் சுங்கவரியோ அதன்மேல் விழுந்த சிறு அலைகள்.

2024 ஜூன்: அலை எப்படி எழுந்தது

ஆண்டு தொடக்கத்தில் வியட்நாம் உள்நாட்டு விலை கிலோ எண்பதாயிரம் டாங் அளவில் இருந்தது. ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தொட்டு, சில நாளிலேயே கணிசமாக இறங்கியது. விளைச்சல் குறைவு மட்டும் இதைச் செய்யாது. நடந்தவை இவை:

1. எல் நினோ வறட்சி மேட்டுநிலத்தைக் காயவைத்தது. அடுத்த பருவத்துப் பூவும் தாமதப்படும் என்ற அச்சம் பரவியது.
2. காப்பியிலும் டுரியனிலும் கையில் காசு பார்த்த விவசாயிக்கு மிளகை அவசரமாக விற்கத் தேவையில்லை. 2020இல் கடன்காரனுக்குப் பயந்து விற்றவர், 2024இல் மூட்டையைச் சேமிப்புபோலக் கட்டி வைத்தார். காய்ந்த மிளகு ஆண்டுக்கணக்கில் கெடாது என்பதால் இது முடிகிறது. தக்காளியில் முடியாது.
3. குறைந்த விலையில் முன்பேரம் பேசிவிட்டுச் சரக்கைக் கையில் வைத்திராத ஏற்றுமதியாளர்கள், ஒப்பந்தத்தை நிறைவேற்ற எந்த விலைக்கும் வாங்க ஓடினார்கள்.
4. அவர்கள் தேவை தீர்ந்ததும் வாங்க ஆளில்லை, விலை விழுந்தது.

சீனா வேறு ஒரு புதிர். 2023இல் வியட்நாமிடமிருந்து அறுபதாயிரம் டன் வாங்கிய நாடு, 2024இல் பத்தாயிரத்துச் சொச்சம்தான் வாங்கியது. முந்தைய ஆண்டே மலிவாக அள்ளி அடுக்கிவிட்டது. 'சீனா வாங்க வருகிறது' என்ற செய்தியைப் பார்த்து இறக்குமதியாளர் பதறுவதற்கு முன், சீனா போன ஆண்டு எவ்வளவு வாங்கியது என்று பார்ப்பது நல்லது.

அமெரிக்கச் சுங்கவரியும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் வியட்நாம் சரக்குக்கு 46 விழுக்காடு என்று அறிவித்து, நிறுத்தி, ஆகஸ்டில் 20 விழுக்காடாக்கி, நவம்பரில் மசாலாப் பொருள்கள் பலவற்றுக்கு விலக்கு தந்தார்கள். அந்த மாதங்களில் அமெரிக்க வாங்குபவர் தயங்கியபோது விலை தொய்ந்தது, தெளிந்தபோது நிமிர்ந்தது. அடியிலிருக்கும் பற்றாக்குறை அப்படியே இருந்தது.

நம் துறைமுகத்தில் நடக்கும் கணக்கு

மேலே தந்த சராசரியையே எடுத்துக்கொள்வோம்.

- 2020: கிலோ 2.30 டாலர். அப்போது டாலர் சுமார் 39 ரூபாய். கிலோ 90 ரூபாய்.
- 2024: கிலோ 5.25 டாலர். டாலர் சுமார் 46 ரூபாய். கிலோ 241 ரூபாய்.

டாலரில் இரண்டேகால் மடங்கைச் சற்றே தாண்டிய ஏற்றம், ரூபாயில் இரண்டே முக்கால் மடங்கை நெருங்குகிறது. ரூபாய் 39லேயே நின்றிருந்தால் 2024இன் மிளகு 205 ரூபாய்க்கு ஏறியிருக்கும். கிலோவுக்கு 36 ரூபாய் நம் நாணயம் தேய்ந்ததன் கூலி. பக்கத்துத் தீவான ரெயூனியனில் கணக்கு யூரோவில் நடப்பதால் இந்த அடி அதே வேகத்தில் விழவில்லை. அங்கே வேறு சுமை: ஐரோப்பிய ஒன்றியத்தின் பூச்சிமருந்து எச்சம், சால்மொனெல்லா கிருமி சோதனைகளில் தேறிய சரக்குதான் இறங்கலாம், அதற்கு விலை கூடுதல்.

கப்பல் வாடகைக்கு வருவோம். இருபது அடிக் கண்டெய்னரில் முழு மிளகு 13 முதல் 15 டன் கொள்ளும். வாடகை 3,000 டாலர் என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 21 சென்ட். அதே வாடகை மூன்று மடங்கானாலும் கிலோவுக்குக் கூடுவது 43 சென்ட், அதாவது இருபது ரூபாய். கிலோ அரை டாலர் விலையுள்ள அரிசியை அந்த 43 சென்ட் புரட்டிப்போடும், ஐந்து டாலர் மிளகை அப்படிப் புரட்டாது. 2021இன் கண்டெய்னர் நெருக்கடியையும், 2023 நவம்பருக்குப் பின் செங்கடலை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய கப்பல்களையும் மிளகு விலைக்கு முழுக் காரணமாகச் சொல்பவர் கணக்குப் போடாதவர். கண்டெய்னர் நிரப்ப முடியாமல், மற்றவர் சரக்கோடு சேர்த்து இரண்டு டன் தருவிக்கும் சிறு வணிகருக்கு மட்டும் இது வேறு. அவருக்குக் கிலோவுக்கான கூலி பெருகத்தான் செய்யும்.

விலை இறங்கும்போது கடையில் இறங்காததற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. இறக்குமதியாளர் பேசி முடித்து, சரக்கு ஏறி, வழியில் கப்பல் மாறி, சுங்கம் கடந்து, சுத்தம் செய்து, பொட்டலமாகி வர மாதங்கள் ஆகும். உயர்ந்த விலைக்கு வாங்கிய இருப்பு தீரும்வரை அவர் பழைய விலையில்தான் விற்பார். ஏறும்போது மட்டும் இந்தத் தாமதம் காணாமல் போவதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த சரக்கு வாங்கப் பணம் வேண்டுமே என்று பழைய இருப்புக்கும் புது விலை போடுவார்கள். முழுக்க அநியாயம் என்று சொல்ல முடியாது, முழுக்க நியாயமும் இல்லை.

மடகாஸ்கர் மிளகு பக்கத்தில் இருக்கிறதே என்ற கேள்வி அடிக்கடி வரும். கிழக்கு, தென் ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சந்தையான கோமேசா உடன்பாட்டில் இரு நாடுகளும் இருப்பதால் வரிச் சிக்கல் குறைவு, தூரமும் குறைவு. ஆனால் அங்கே விளைச்சல் சிறிது, தரம் மூட்டைக்கு மூட்டை மாறும், விற்பவரும் வியட்நாம் விலையைப் பார்த்தே தன் விலையைச் சொல்வார். காம்போடு வரும் காட்டு மிளகான 'வொவட்சிபெரிஃபெரி' விலையுயர்ந்த உணவகச் சரக்கு. ரசோனுக்கு அதைத் தேட வேண்டாம்.

விலை ஏறினால் மூட்டைக்குள் என்ன நுழையும்

1. பப்பாளி விதை: காய்ந்தால் மிளகுபோலவே இருக்கும். நீரில் போட்டால் நல்ல மிளகு அமிழும், விதை மிதக்கும். ஆனால் பொக்கு மிளகும் மிதக்கும். ஆகவே மிதப்பதை எடுத்து நசுக்கிப் பாருங்கள். பப்பாளி விதை நீள்வட்டமாக இருக்கும், மிளகின் மணம் இருக்காது.
2. பொக்கு மிளகு: கலப்படம் அல்ல, தரக் குறைவு. உள்ளீடில்லாத, இளசாகப் பறித்த மணி. எண்ணெயும் பிசினும் பிழியும் ஆலைகள் இதைத் தேடி வாங்கும், ஏனெனில் இளங்காயில் சத்து அதிகம். நமக்கு அது எடைக் கணக்கில் நட்டம்.
3. மினரல் எண்ணெய்: பூஞ்சையையும் மங்கலையும் மறைக்கப் பூசுவது. வெள்ளைத் துணியிலோ தாளிலோ தேய்த்தால் எண்ணெய்க் கறை விழும். மிளகின் பளபளப்பு நல்ல அறிகுறி அல்ல.
4. தூள்: காம்பு, தவிடு, மாவு, எது சேர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. முழு மிளகைவிடத் தூள் மலிவாக விற்கப்பட்டால், அரைத்த கூலி எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

விலை ஏறும் என்று பயந்து அள்ளி வைப்பவர்களுக்கு ஒன்று. போர்ட் லூயியின் வெப்பத்தில் நன்றாக நிற்கும் மிளகு, கூர்பிப் மேட்டின் ஈரத்தில் சாக்கில் கட்டி வைத்தால் சில மாதத்தில் பூத்துவிடும். காற்றுப் புகாத டப்பா, தரையிலிருந்து எழும்பிய பலகை, ஆறு மாதத்துக்கு மேற்படாத இருப்பு. வீட்டுக்கு மாதம் நூறு கிராம் போதும் என்றால் கிலோவுக்கு 150 ரூபாய் ஏறினாலும் மாதம் 15 ரூபாய்தான் கூடுகிறது. அதற்காகப் பூஞ்சை மிளகு தின்ன வேண்டியதில்லை. இந்த ஏற்றம் உண்மையில் கடிப்பது மசாலா அரைப்பவரையும் ஆயிரம் இலை போடும் கோயில் மடைப்பள்ளியையும்தான்.

அடுத்து எதைப் பார்க்க வேண்டும்

1. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வியட்நாம் வரத்து. அறுவடை நடந்தும் விலை இறங்காவிட்டால் விவசாயி மூட்டையைக் கட்டி வைக்கிறார் என்று பொருள்.
2. ரொபஸ்டா காப்பி, டுரியன் விலை. இவை விழுந்தால்தான் மிளகு மூட்டை சந்தைக்கு வரும், நிலமும் திரும்பும்.
3. பிரேசிலின் எஸ்பிரிட்டோ சாண்டோ. வியட்நாம் விட்ட இடத்தைப் பிடிக்கும் வலுவுள்ள ஒரே களம் அதுதான்.
4. டாலருக்கு எதிரே நம் ரூபாய். மற்ற மூன்றும் சாதகமாக இருந்தும் இது கெடுத்துவிடும்.

நாற்றங்கால் செய்திகளும் கவனிக்கத் தக்கவை. 2024இன் விலையைப் பார்த்து நட்ட கொடி 2027இல்தான் முதல் கதிரைக் காட்டும். அதுவும் இடையில் வரும் மழைக்காலங்களில் வேரடியில் நீர் தேங்காமல் இருந்தால்.